கசப்பு போன பீர்

2023 ஆகஸ்ட் 1ஆம் தேதி பிரிட்டனில் மதுவுக்கான வரிக் கணக்கு மாறியது. ஒவ்வொரு வகை மதுவுக்கும் ஒவ்வொரு விதமாகப் போட்டுவந்த கணக்கை விட்டுவிட்டு, பாட்டிலுக்குள் எவ்வளவு ஆல்கஹால் இருக்கிறதோ அதை வைத்தே வரி என்றது அரசு. பீருக்கு 3.5 சதவீதத்தில் ஒரு கோடு கிழித்தார்கள். அன்றைய விகிதப்படி, கோட்டுக்குக் கீழே இருந்தால், அதிலுள்ள தூய ஆல்கஹால் லிட்டருக்கு 9.27 பவுண்டு வரி. கோட்டைத் தொட்டுவிட்டால் 21.01 பவுண்டு. 440 மில்லி டின் ஒன்றுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் விளங்கும். 3.8 சதவீத பீருக்கு வரி சுமார் 35 பென்ஸ்; 3.4 சதவீத பீருக்குச் சுமார் 14 பென்ஸ். ஆல்கஹால் குறைந்தது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு, வரி குறைந்ததோ ஐந்தில் மூன்று பங்கு. இப்படி ஒரு கோடு கண்ணெதிரே இருக்கும்போது எந்த ஆலையின் கணக்குப் பிரிவும் கைகட்டி உட்கார்ந்திருக்காது. பிரிட்டனில் விற்கப்படும் கார்ல்ஸ்பெர்க் டேனிஷ் பில்ஸ்னர் அந்த ஆண்டே 3.8லிருந்து 3.4க்கு இறங்கியது. ஃபாஸ்டர்ஸ் அதற்குச் சில மாதங்கள் முன்பே 4லிருந்து 3.7க்கு வந்துவிட்டது.

இந்த இறக்கம் அன்று தொடங்கியதல்ல. பிரிட்டனில் ஸ்டெல்லா ஆர்ட்வா ஒருகாலத்தில் 5.2 சதவீதம். 2008இல் 5 ஆனது, 2012இல் 4.8 ஆனது, பிறகு 4.6 ஆனது. 2012இல் ஸ்டெல்லாவின் நிறுவனம் பட்வைசரையும் பெக்ஸையும் சேர்த்தே 4.8க்கு இறக்கியது. ஒவ்வொரு முறையும் குடிப்பவர்களிடமிருந்து ஒரே புகார்தான்: அதே காசு, அதே டின், உள்ளே சரக்கு மட்டும் குறைவு. பிஸ்கட் பாக்கெட்டின் விலையை ஏற்றாமல் நாலு பிஸ்கட்டை எடுத்துவிடும் வேலைதான் இது என்று கோபப்படுகிறார்கள். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அது பாதி இழப்பைத்தான் பார்க்கிறது. ஆல்கஹால் குறைந்தால் லேபிளில் ஓர் எண் மாறும், எல்லாருக்கும் தெரியவரும். சுவை குறைந்தால் எந்த எண்ணும் மாறுவதில்லை. பெருவாரியாக விற்கும் லாகரிலிருந்து சுவை வெளியேறத் தொடங்கி அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. முதலில் சுவையை உருவிவிட்டார்கள். மிச்சமிருந்த ஆல்கஹாலிலும் இப்போது கை வைக்கும்போதுதான் குடிப்பவருக்குக் குவளை காலியாகத் தெரிகிறது. வலு குறைந்ததைப் பற்றி எனக்குப் பெரிய வருத்தமில்லை. சுவையைத் தொலைத்ததுதான் குற்றம் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

லாகர் என்றால் என்னவாக இருந்தது என்பதற்கு, இன்றைய பொன்னிற லாகர்களுக்கெல்லாம் மூதாதையான ஒரு பீரிடம் போகவேண்டும். பொஹிமியாவின் பில்ஸன் நகரத்து மக்கள் உள்ளூர் பீரின் தரம் பொறுக்காமல், தாங்களே ஓர் ஆலை கட்டி, பவேரியாவிலிருந்து யோசெஃப் க்ரோல் என்பவரை வரவழைத்தார்கள். 1842 அக்டோபரில் அவர் காய்ச்சிய பீர் உப்புச் சேராத மென்மையான உள்ளூர்த் தண்ணீர், முளைகட்டி வெளிறிய நிறத்தில் வறுத்த பார்லியான மால்ட், கசப்பும் மணமும் தரும் சாட்ஸ் வட்டாரத்து ஹாப்ஸ், குளிரில் வேலை செய்யும் பவேரிய ஈஸ்ட் ஆகியவற்றின் கூட்டு. முளைகட்டிய பார்லி மாவில் ஒரு பகுதியைத் தனியாக எடுத்துக் கொதிக்கவைத்து, மறுபடி பெரிய கலத்தில் சேர்ப்பார்கள். இதை மூன்று முறை செய்வார்கள். இப்படிக் கொதிக்கும்போது மால்ட்டில் உண்டாகும் மணமும் நிறமும் வெறுமனே வெந்நீரில் ஊறவைப்பதால் வருவதில்லை. பிறகு குளிர்ந்த நிலவறைகளில் வாரக்கணக்கில் பீரைத் தூங்கவைப்பார்கள். அந்த ஆலை இன்றும் பில்ஸ்னர் உர்க்வெல் என்ற பெயரில் அந்த பீரைக் காய்ச்சுகிறது. அதன் ஆல்கஹால் 4.4 சதவீதம்தான்.

இந்த 4.4 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளவேண்டும். பீரின் கசப்பை அளக்க உலகம் முழுக்க ஓர் அலகு உண்டு. ஹாப்ஸிலிருந்து வரும் கசப்பு அமிலம் ஒரு லிட்டர் பீரில் எத்தனை மில்லிகிராம் இருக்கிறது என்பதே ஏறக்குறைய அந்தக் கணக்கு. பில்ஸ்னர் உர்க்வெல் 40ஐ ஒட்டி நிற்கும். உலகச் சந்தையில் கோடிக்கணக்கில் விற்கும் அமெரிக்கப் பாணி லாகர்கள் 10ஐ ஒட்டியே நிற்கின்றன. அவற்றில் பலவும் 5 சதவீத ஆல்கஹால் கொண்டவை. வலுவில் குறைந்த பழைய பீர், வலுவில் கூடிய புதிய பீரைவிட நான்கு மடங்கு கசக்கிறது என்றால், வலுவும் சுவையும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவை அல்ல என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

இதே உண்மையை எதிர்ப்பக்கத்திலிருந்து நம் ஊர் காட்டுகிறது. இந்தியாவில் விற்கும் பீரில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் ‘ஸ்ட்ராங்’ வகை. ஆல்கஹால் 8 சதவீதத்துக்கு மிகாமல் என்று லேபிளில் அச்சிட்டிருக்கும். டாஸ்மாக் கடையில் ‘கூலிங்கா இருக்கா?’ என்று கேட்டு வாங்குகிறவருக்கும் பெரும்பாலும் அதுவே கிடைக்கிறது. இங்கே பல மாநிலங்களில் பீர் மீதான வரி, உள்ளே இருக்கும் ஆல்கஹாலோடு சேர்ந்து சீராக ஏறுவதில்லை. ஆகவே கொடுக்கும் காசுக்கு எது சீக்கிரம் ஏறுகிறதோ அதை வாங்குவதே லாபம் என்று ஆகிவிடுகிறது. பிரிட்டனில் வரி வலுவைக் கீழே இழுக்கிறது, இங்கே மேலே தள்ளுகிறது. இரண்டு இடத்திலும் சுவை மட்டும் உயரவில்லை. அரிசி, மக்காச்சோளம், சர்க்கரைப் பாகு சேர்த்து வலுவேற்றிய பீரில் இனிப்பும் எரிச்சலும் தெரியும். பார்லியும் ஹாப்ஸும் தெரிவது அரிது. ‘நல்ல பீர் என்றால் ஸ்ட்ராங் பீர்’ என்ற நம்பிக்கை நம்மிடம் வேரூன்றியதற்கு, வேறு எதையும் ருசித்துப் பார்க்க வாய்ப்பே தரப்படவில்லை என்பதும் ஒரு காரணம்.

சுவை எப்படிப் போனது? அமெரிக்காவின் கதை இதில் முக்கியம். அரிசியும் சோளமும் சேர்த்ததுதான் முதல் பாவம் என்று பலர் சொல்வார்கள். அது சரியல்ல. 19ஆம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய ஜெர்மானியர்களுக்குக் கிடைத்த ஆறு வரிசைப் பார்லியில் புரதம் மிகுதி; அதை மட்டும் வைத்துக் காய்ச்சினால் பீர் கலங்கிப் போகும். அரிசியும் சோளமும் அந்தப் புரதத்தை நீர்க்கச் செய்து, பில்ஸன் பீர்போலத் தெளிந்த பொன்னிறத்தைக் கொடுத்தன. அது ஒரு கைத்திறன், மலிவான தந்திரமல்ல. சரிவு பிறகுதான் வந்தது. 1920 முதல் 1933 வரை நீடித்த மதுவிலக்கு ஆலைகளை மூடியது, ஒரு தலைமுறையின் நாக்கை மறக்கடித்தது. உயிர்பிழைத்த சில பெரிய நிறுவனங்கள் நாடு முழுவதும் ஒரே பீரை விற்கத் தொடங்கின. எல்லா மாநிலத்திலும் எல்லாருக்கும் பிடிக்கவேண்டுமென்றால், யாருக்கும் பிடிக்காமல் போகக்கூடிய எதுவும் அதில் இருக்கக்கூடாது. கசப்பு யாராவது ஒருவருக்குப் பிடிக்காமல் போகும். ஆகவே கசப்பு முதலில் வெளியேறியது.

அடுத்தது ‘லைட்’ பீர். மாவுச்சத்தில் ஈஸ்ட்டால் தின்ன முடியாத பகுதியையும் நொதியைச் சேர்த்து உடைத்துவிடும் முறையை ஜோசஃப் ஓவேட்ஸ் என்ற வேதியியலாளர் 1960களில் பீருக்குக் கொண்டுவந்தார். 1975இல் மில்லர் லைட் அமெரிக்கா முழுக்க வந்தது, 1982இல் பட் லைட். 2001இல் அமெரிக்காவில் அதிகம் விற்கும் பீர் என்ற இடத்தைப் பட்வைசரிடமிருந்து பட் லைட் பிடித்துக்கொண்டது. ஈஸ்ட் தின்னாமல் விட்டுவைக்கும் அந்த மாவுச்சத்துதான் பீருக்கு உடம்பைக் கொடுப்பது, நாக்கில் ஒரு கனத்தை விட்டுச்செல்வது. அதையே எடுத்துவிட்ட பானம் நாட்டின் முதல் பீரானபின், மற்ற பீர்களும் அதைப் பார்த்தே தங்களைத் திருத்திக்கொண்டன.

ஆனால் என்னை மிகவும் யோசிக்கவைப்பது லைட் பீர் அல்ல, சாதாரண பட்வைசர்தான். ஆன்ஹைசர்-புஷ் நிறுவனம் 1980களிலிருந்து தன் பீர் டின்களைக் கடுங்குளிரில் உறையவைத்துப் பாதுகாத்து வந்தது. பிற்காலத்தில் வெவ்வேறு ஆண்டுகளின் டின்களைத் திறந்து அடுத்தடுத்து வைத்துச் சுவைத்தபோது, பழையதைவிடப் புதியது கசப்பில் குறைந்திருப்பது தெரிந்தது. 2006இல் வால்ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழில் இது வெளிவந்தபோது நிறுவனம் மறுக்கவில்லை. கசப்பைக் குறை என்று யாரும் உத்தரவு போடவில்லை. வாடிக்கையாளர் விருப்பத்தைக் கேட்டுக் கேட்டு, பல ஆண்டுகளில் சிறுகச் சிறுக நடந்த மாற்றம் என்பதே அவர்கள் தந்த விளக்கம். இதில் பொய் இருப்பதாக நான் நினைக்கவில்லை, கவலையும் அதனால்தான். சென்ற ஆண்டு பீரையும் இந்த ஆண்டு பீரையும் பக்கத்தில் வைத்தால் எந்த நிபுணருக்கும் வேறுபாடு தெரியாது. அடுத்த ஆண்டும் தெரியாது. இருபது ஆண்டுகள் கழித்து முதலையும் முடிவையும் சேர்த்து வைத்தால் அவை வேறு வேறு பீர்கள். ‘சுவைத்துப் பார்த்தோம், மாற்றமில்லை’ என்று ஆலை சொல்வது ஒவ்வொரு முறையும் உண்மை, மொத்தத்தில் உண்மையல்ல.

ஒரே பாய்ச்சலில் மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு ஷ்லிட்ஸ் இருக்கிறது. மில்வாக்கி நகரின் இந்த பீர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவிலேயே பெரியது. 1970களிலும் இரண்டாம் இடத்தில் இருந்தது. செலவைக் குறைக்க நொதிக்கும் காலத்தைச் சுருக்கினார்கள், மால்ட்டில் ஒரு பகுதிக்குப் பதிலாகச் சோளப்பாகைச் சேர்த்தார்கள். சேர்மானங்களை லேபிளில் போடும்படி சட்டம் வந்துவிடுமோ என்று பயந்து, 1976இல் பீரைத் தெளியவைக்கும் பொருளையும் மாற்றினார்கள். புதிய பொருள் நுரைக்காகச் சேர்த்திருந்த இன்னொரு பொருளோடு வினைபுரிந்து, பாட்டிலுக்குள் துகள் துகளாகத் திரிந்தது. ஒரு கோடி அளவில் பாட்டில்களையும் டின்களையும் திரும்பப் பெறவேண்டி வந்தது. குடிப்பவர்கள் கைவிட்டார்கள். 1982இல் நிறுவனம் வேறொருவர் கைக்குப் போனது. 2008இல், அந்தப் பெயரை அப்போது வைத்திருந்த பாப்ஸ்ட் நிறுவனம், 1960களின் பக்குவத்தைத் தேடிப்பிடித்து மறுபடி காய்ச்சி, அதையே விளம்பரமும் செய்தது. பழைய சுவைக்கு விலை உண்டு என்பது அதை அழித்தவர்களுக்குப் பின்னால் வந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. மற்ற நிறுவனங்கள் ஷ்லிட்ஸிடமிருந்து வேறொரு பாடம் கற்றதாகவே தோன்றுகிறது: குறைப்பதை நிறுத்தவேண்டாம், மெதுவாகக் குறைத்தால் போதும்.

இன்றைய பெரிய ஆலைக்குள் போனால் வலு குறைப்பது எவ்வளவு எளிது என்பது தெரியும். விற்கப்போகும் பீரை அந்த அளவிலேயே காய்ச்சுவதில்லை. முதலில் கெட்டியாக, 7 அல்லது 8 சதவீதம் ஆல்கஹால் வரும்படி நொதிக்கவைத்து, கடைசிக் கட்டத்தில் ஆக்ஸிஜன் நீக்கிய தண்ணீரைச் சேர்த்து வேண்டிய அளவுக்கு இறக்குவார்கள். ஒரே தொட்டியிலிருந்து கூடுதல் பீர் கிடைக்கும், எரிபொருளும் மிச்சம். 4 சதவீதத்தை 3.4 ஆக்கவேண்டுமென்றால் இன்னும் கொஞ்சம் தண்ணீர் போதும். 100 லிட்டராக இருந்தது 117 லிட்டருக்கு மேல் ஆகும். ஆனால் தண்ணீர் ஆல்கஹாலை மட்டும் தேடிப்போய்க் குறைப்பதில்லை. மால்ட்டின் மணத்தையும் ஹாப்ஸின் கசப்பையும் நாக்கில் நிற்கும் கனத்தையும் சேர்த்தே குறைக்கிறது. ஆல்கஹாலே சுவையில் ஒரு பங்கு என்பதும் உண்மை. மெல்லிய இனிப்பும் ஒரு வெதுவெதுப்பும் அதிலிருந்து வருகின்றன. அதை எடுக்கும்போது ஈடுசெய்ய வேறெதையாவது கூட்டவேண்டும். கூட்டாமல் தண்ணீரை மட்டும் ஊற்றினால் சப்பென்றுதான் ஆகும்.

நேரத்திலும் இதே கதை. நொதிக்கும்போது வெண்ணெய் வாடை தரும் டையசெட்டில் என்ற பொருள் உருவாகும். ஈஸ்ட்டே அதை மெல்ல மெல்ல உட்கொண்டு சுத்தம் செய்துவிடும், அதற்கு நாள் பிடிக்கும். அந்த வாடை தோன்றாமலே தடுக்கும் நொதியைச் சேர்த்தால் நாள்கணக்கு சுருங்கிவிடுகிறது. செக் நாட்டின் அரசு ஆலையான புத்வார் தன் லாகரை 90 நாள் குளிரில் முதிரவைப்பதாகச் சொல்லிக்கொள்கிறது. சந்தையின் பெரிய லாகர்களுக்கு மொத்தத் தயாரிப்பே சில வாரங்களுக்குள் முடிந்துவிடுகிறது. இவ்வளவுக்கும் பிறகு, மிஞ்சிய சுவையும் தெரியாதபடி உறைநிலையை ஒட்டிய குளிரில் ஊற்றித் தருவதற்கென்றே பிரிட்டனின் பப்களில் ‘எக்ஸ்ட்ரா கோல்ட்’ குழாய்கள் வந்தன. அவ்வளவு குளிரில் நாக்கு மரத்துப்போகும். மால்ட்டின் மணம் மேலே எழும்பாது.

இவை அத்தனையும் குடிப்பவருக்குச் சொல்லிவிட்டு நடந்ததா? பிரிட்டனில் நெடுங்காலமாக அதிகம் விற்றுவந்த லாகரான கார்லிங்கைப் பற்றிய வழக்கு இதற்குப் பதில் சொல்கிறது. அதன் உரிமையாளரான மோல்சன் கூர்ஸ் நிறுவனம் 2012இல் அதன் வலுவை 3.7 சதவீதத்துக்கு இறக்கியது. லேபிளில் 4 என்றே விட்டுவைத்தது. அச்சிட்ட எண்ணுக்கும் உண்மை அளவுக்கும் அரை சதவீதம் வரை வேறுபாடு இருக்கலாம் என்று விதி அனுமதிக்கிறது. வரியை 3.7க்குத்தான் கட்டினார்கள். லேபிளில் உள்ள 4க்குக் கட்டு என்று வருவாய்த் துறை 5 கோடி பவுண்டுக்கு மேல் கேட்க, 2017இல் தீர்ப்பாயம் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. சட்டப்படி அது சரியான தீர்ப்பே. ஆனால் விசாரணையில் வெளிவந்த ஒரு செய்தியை மறக்கமுடியாது. வலு குறைந்ததை ஏன் அறிவிக்கவில்லை என்றால், பெரிய கொள்முதல்காரர்கள் மிச்சமான தொகையில் பங்கு கேட்பார்கள் என்பதால். கடைக்காரருக்கே தெரியக்கூடாது என்று நினைத்த ஒன்று, குடிப்பவர் காதுக்கு எப்படி வரும்?

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். ஆலையை ஏன் குறைசொல்கிறீர்கள், வரிதானே காரணம்? வரிக்குப் பங்கு உண்டு, சரித்திரமும் அதையே சொல்கிறது. முதல் உலகப்போர் தொடங்கியபோது பிரிட்டனில் ஒரு பீப்பாய் பீருக்கு அடிப்படை வரி 7 ஷில்லிங் 9 பென்ஸ்; 1920இல் 100 ஷில்லிங். தானியத் தட்டுப்பாடும் அரசின் கட்டுப்பாடும் சேர்ந்துகொள்ள, தண்ணீரை 1000 என்று வைத்து அளக்கும் கணக்கில் 1052 அளவில் இருந்த சராசரி அடர்த்தி, போர் முடியும்போது 1030 அளவுக்கு விழுந்தது. போர் முடிந்தபின் கொஞ்சம் ஏறியது, பழைய இடத்துக்குத் திரும்பவே இல்லை. ஜப்பானில் இன்னும் வெளிப்படை. அங்கே மால்ட்டின் பங்கைப் பார்த்து வரி போட்டார்கள். 1994இல் சன்டோரி நிறுவனம் மால்ட்டைக் குறைத்து ‘ஹப்போஷு’ என்ற வகையைக் கொண்டுவந்தது. அரசு அதற்கும் வரியை ஏற்றியது. நிறுவனங்கள் மால்ட்டை நாலில் ஒரு பங்குக்கும் கீழே இறக்கின. பிறகு மால்ட்டே இல்லாமல் பட்டாணிப் புரதத்திலிருந்து பீர்போல ஒன்றைச் செய்தது சப்போரோ. வரிச்சட்டம் சமையல் குறிப்பை எழுதும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. கடைசியில் ஜப்பான் இந்த வேறுபாடுகளைப் படிப்படியாக நீக்கி, 2026 அக்டோபரிலிருந்து எல்லாவற்றுக்கும் ஒரே வரி என்று சட்டம் செய்தது. ஆனாலும் வரியை மட்டும் சொல்லித் தப்பிக்கமுடியாது. பிரிட்டனின் வரி ஆல்கஹாலைக் குறைக்கத்தான் தூண்டுகிறது. ஹாப்ஸைக் குறை, மால்ட்டை நீர்க்கவிடு, சீக்கிரம் முடி என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

அடுத்த மறுப்பு இதைவிட வலுவானது. மக்கள் கேட்டதைத்தானே கொடுத்தார்கள்? லேசான, கசக்காத, குளிர்ந்த பீரைத்தான் கோடிக்கணக்கானோர் விரும்பி வாங்குகிறார்கள். சுவை என்ற பெயரில் சிலரின் ரசனையை எல்லார் மீதும் திணிப்பானேன்? வெயிலில் வேலை பார்த்துவிட்டு வருகிறவருக்குத் தாகம் தணிக்கும் ஒரு லேசான பீர் தேவைதான், அதை இழிவாகப் பேசும் ரசனைக்காரர்களோடு எனக்கும் உடன்பாடில்லை. ஆனால் கசப்பான பீரைச் சாமானியர் குடிக்கமாட்டார் என்பது உண்மையல்ல. உலகிலேயே ஆளுக்கு அதிகம் பீர் குடிக்கும் நாடு செக் குடியரசு, ஆண்டுக்குத் தலைக்குச் சுமார் 130 லிட்டர். அங்கே அன்றாடம் ஓடும் பீரில் ஒரு பெரிய பங்கு 4 சதவீத அளவிலான ‘பத்து டிகிரி’ பீர் (டிகிரி என்பது காய்ச்சும் சாற்றில் இருந்த மால்ட் சத்தின் அளவு). ‘செக் பீர்’ என்ற பெயரை ஐரோப்பிய ஒன்றியம் 2008இல் பாதுகாத்தபோது, வெளிறிய லாகருக்கான கசப்பை 20 முதல் 45 வரை என்று வரையறுத்தார்கள். தச்சரும் பஸ் ஓட்டுநரும் அதைத்தான் குடிக்கிறார்கள். உலகத்தின் பெரிய குடிகாரர்கள் கசப்பை வெறுக்கவில்லை. விருப்பம் என்பது கிடைப்பதைச் சார்ந்து வளர்வது. ஒரு நாட்டின் கடைகளில் நாற்பது ஆண்டுகளாக ஒரே மாதிரி பீரை மட்டும் அடுக்கிவிட்டு, மக்கள் விருப்பம் இதுதான் என்று சொல்வது அவர்களைக் கேட்டதாக ஆகாது.

மூன்றாவது மறுப்பு உடல்நலம். ஆல்கஹால் குறைவது நல்லதுதானே, இதற்கு ஏன் ஒப்பாரி? இதில் எனக்கு எதிர்க்கருத்தே இல்லை. 2012இல் பிரிட்டன் அரசோடு சேர்ந்து மது நிறுவனங்கள், ஆல்கஹால் கணக்கில் நூறு கோடி யூனிட்டுகளைச் சந்தையிலிருந்து குறைப்போம் என்று உறுதி தந்தன. வலுவான பீரை லேசாக்குவது அதற்கு ஒரு நேர்மையான வழி. மது குடும்பங்களைச் சீரழிப்பதைப் பார்த்துவரும் தமிழ்நாட்டில், குறைந்த வலுவுள்ள பீருக்கு எதிராக எழுத எனக்குக் கை வராது. ஆனால் நலத்தை நினைத்தால்தான் சுவை இன்னும் முக்கியமாகிறது. போதை குறைந்த பானத்தை ஒருவர் விரும்பிக் குடிக்கவேண்டுமென்றால் அதில் வேறு ஏதாவது இருக்கவேண்டும். சுவையில்லாத 3.4 சதவீத பீரைக் கொடுத்தால், ‘இதுக்குத் தண்ணியே குடிக்கலாம்’ என்று அவர் ஸ்பிரிட் பக்கம் போய்விடுவார். நலத்தின் பெயரால் குறைத்ததென்றால் அந்த மிச்சம் குடிப்பவருக்கு விலைக்குறைப்பாகவோ தரமாகவோ திரும்ப வந்திருக்கவேண்டும்.

இன்னொரு வாதத்தையும் மதித்தே ஆகவேண்டும். லேசான லாகர் காய்ச்சுவது கடினமான கலை. மறைக்க மணமோ கசப்போ இல்லாததால் சிறு பிழையும் தெரிந்துவிடும். பத்துக்கும் மேற்பட்ட ஆலைகளில், வேறு வேறு தண்ணீரில், ஆண்டு முழுதும் ஒரே சுவையைக் கொண்டுவருவது அறிவியலின் சாதனை. உண்மைதான். குளிர்சாதனத்துக்கு லிண்டே, தூய ஈஸ்ட்டுக்கு ஹான்சன் என்று லாகரின் வரலாறே அறிவியலின் வரலாறு. எமில் கிறிஸ்டியன் ஹான்சன் 1883இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் ஒற்றை ஈஸ்ட் செல்லிலிருந்து தூய வளர்ப்பை உருவாக்கினார். ஆலை அதைப் பூட்டிவைக்காமல் போட்டியாளர்களுக்கும் கொடுத்தது. அதே பெயரைத் தாங்கிய பீரின் இன்றைய நிலைதான் மனதை வருத்துகிறது. உலகின் மிகச் சிறந்த பீர் இதுவாகவே இருக்கலாம் என்ற விளம்பரத்தால் 1970களிலிருந்து பிரிட்டனில் பெயர்பெற்ற கார்ல்ஸ்பெர்க், 2019இல் தன் பிரிட்டன் பீர் அப்படி இல்லை என்று தானே விளம்பரம் செய்தது. தரத்தை விட்டு அளவைத் துரத்திவிட்டோம் என்று ஒப்புக்கொண்டு, பீரைப் புதிதாக வடிவமைத்து டேனிஷ் பில்ஸ்னர் என்று வெளியிட்டது. ஒரு பெரிய நிறுவனம் இவ்வளவு வெளிப்படையாகப் பேசியது அபூர்வம், பாராட்டத்தக்கது. நான்கே ஆண்டுகளில் வரிக்கோடு வந்தது. அந்தப் புதிய பீரும் 3.4க்கு இறங்கியது.

3.4இல் நல்ல லாகர் காய்ச்ச முடியாதா? முடியும். வழியும் எல்லா ஆலைக்கும் தெரிந்ததே. மால்ட் மாவை 64, 65 டிகிரியில் ஊறவைப்பதற்குப் பதில் 70 டிகிரியை ஒட்டி ஊறவைத்தால், மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதிகளில் ஒன்று சீக்கிரம் செயலிழந்துவிடும். ஈஸ்ட்டால் தின்னமுடியாத சத்து பீரிலேயே தங்கும்; ஆல்கஹால் ஏறாமல் உடம்பு கூடும். ஆழமாக வறுத்த ம்யூனிக் மால்ட்டைக் கொஞ்சம் சேர்க்கலாம். ஹாப்ஸைக் கொதியின் தொடக்கத்தில் கசப்புக்கும் முடிவில் மணத்துக்கும் போடலாம். செலவு? 440 மில்லி டின் ஒன்றில், இந்த வலுவுக்குத் தேவைப்படும் மால்ட் ஏறத்தாழ 50 கிராம்தான். மொத்த விலையில் அது சில பென்ஸுக்கு மேல் போகாது. ஹாப்ஸின் செலவு அதிலும் குறைவு. உக்ரைன் போருக்குப் பிறகு தானியமும் எரிவாயுவும் விலையேறி ஆலைகள் திணறியது உண்மை. இருந்தாலும் 3.8லிருந்து 3.4க்கு இறங்கியதால் 2023 விகிதப்படி வரியில் மட்டும் டின்னுக்கு 21 பென்ஸ் மிச்சம். டின்னுக்குள் இருக்கும் மால்ட்டின் தரத்தையும் ஹாப்ஸின் அளவையும் இரட்டிப்பாக்கினாலும் அந்தத் தொகை தீராது.

அரசு கேட்கவேண்டியதும் பெரிய விஷயமல்ல. செக் பீர் லேபிளில் பீரின் டிகிரியைப் பார்க்கலாம். காய்ச்சும் சாற்றில் எவ்வளவு மால்ட் சத்து இருந்தது என்பதை அது காட்டிவிடும். அதோடு கசப்பின் எண்ணையும் ஆல்கஹால் சதவீதத்துக்குப் பக்கத்திலேயே அச்சிடச் சொன்னால் போதும். இரண்டையும் பெரிய ஆலைகள் தங்கள் ஆய்வகத்தில் ஏற்கெனவே அளந்துகொண்டுதான் இருக்கின்றன. அந்த எண்கள் லேபிளில் ஏறிவிட்டால், அடுத்த இருபது ஆண்டுகளில் கசப்பு 12லிருந்து 8க்கு இறங்கினாலும், ஆல்கஹால் குறைந்ததைக் கண்டுபிடித்ததுபோலவே குடிப்பவர் அதையும் கடையிலேயே கண்டுபிடித்துவிடுவார். எதற்காகக் குறைத்தீர்கள் என்று ஆலையிடம் கேட்கவும் அவருக்கு ஒரு பிடி கிடைக்கும்.